அவுகளே சொல்லட்டும்

"கம்ப்யூட்டருக்குள்ள பழகுன ஆளு, ஒரு அவசரம்னா வெளிய எந்திரிச்சு வருமா?"

கேட்டவர் என் அய்யா. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்கு எடுத்த நிலத்தில் மிளகாய்ச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். என் செல்போனில் மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால் வந்துகொண்டிருந்தது. யாரு என்றார். தங்கச்சிமடத்து அக்கா, விளையாட்டில் பழக்கம், என்றேன். என்ன விளையாட்டு என்றார். சொன்னேன். கையிலிருந்த புல்லை வரப்பில் போட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி அது. கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

திருவாடானைப் பக்கம் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராமநாதபுரத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன், அதுவும் கடைசி வருஷம் வரைக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கஷ்டப்பட்டுப் படித்ததை ஏன் மறைக்க வேண்டும்?

அக்காவின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றிய சேதி அடுத்தவர் வாயில் போவது அவருக்கு ஆகாது. இதை எழுதுவதே அவருக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. பெயரையாவது விட்டுவைக்கிறேன்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு ஊர் கொடுப்பார்கள், வளர வளர இன்னும் ஊர்களைப் பிடிக்கலாம். மரம், களிமண், இரும்பு, தானியம் சேர்க்க வேண்டும். மதில் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். தனியாக இருந்தால் பக்கத்து ஊர்க்காரன் வந்து அடித்துப்போட்டு அள்ளிக்கொண்டு போவான். அதனால் கூட்டணி சேர்வோம். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர்கள் இரும்பு அனுப்புவோம், படையை அனுப்பி அங்கே தங்கவைப்போம். நாம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனாலும் விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எதிரி படை கிளம்பினால் வந்து சேர மணிக்கணக்காகும். அதற்குள் யாராவது பார்த்து மற்றவர்களுக்குப் போன் அடித்தாக வேண்டும். முகம் தெரியாதவர்கள் எங்களுக்குச் சினேகிதர்கள் ஆனது இந்தப் போன்களால்தான்.

நான் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் விளையாடுவேன். என் பெயர் அங்கே 'மிளகாய்'. ஏர்வாடியிலிருந்து ரிஸ்வான் என்று ஒரு இன்ஜினியரிங் மாணவன், அவன் 'சுல்தான்'. எங்கள் கூட்டணிக்குத் தலைமை 'வாடை'. வாடைக்காற்று என்றால் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பயம். அந்தப் பெயரையும் விளையாடுகிற விதத்தையும் பார்த்து, மீசை வைத்த ஒரு போட்டுக்காரர் என்றே நானும் ரிஸ்வானும் முடிவு கட்டியிருந்தோம்.

தேவகோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் கூட்டணியில் இருந்தார். திடீரென்று ஆளைக் காணோம். போனும் அணைந்திருந்தது. ரிஸ்வான் எங்கோ விசாரித்துவிட்டு வந்து, அவர் சிங்கப்பூர் போய்விட்டார், இனி விளையாட மாட்டார், எதிரி பிடிப்பதற்குள் அவர் ஊர்களை நாமே பிடித்துக்கொள்வோம் என்று எழுதினான். நியாயமான யோசனைதான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வாடை பதில் போட்டார்.

"அவுக சொன்னாகளா?"

"இல்ல. அவுக கடைக்காரர் சொன்னாரு."

"அவுகளே சொல்லட்டும்."

வாடை தன் படை முழுவதையும் அந்த ஆள் இல்லாத ஊர்களுக்கு அனுப்பிக் காவல் வைத்தார். எதிரிகள் வந்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள். மாதக்கணக்கில் திரட்டிய படை அழிந்தது. நாங்கள் கொதித்தோம். "எவனோ ஒருத்தனுக்காக எல்லாரும் சாகணுமா?" என்று நானே எழுதினேன். பிறகு தேவகோட்டைக்காரர் வந்தார். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். தன் ஊர்கள் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு வாடைக்குப் போன் செய்து அழுதாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். வாடை சொல்லவில்லை.

அந்தப் போனுக்குப் பிறகுதான் வாடை ஒரு பெண் என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் சொன்ன அக்கா அவர்தான். தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனி ஆபீசில் வேலை. போட்டுகள் கடலுக்குப் போன பிறகு ஆபீசில் வேலை ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் விளையாட்டு.

ஒருநாள் கம்பெனிக்குப் பிரிண்டர் மை வாங்க ராமநாதபுரம் வந்தவர், நேராகப் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார். முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, உள்ளே வந்தவுடனே சத்தமாக, "ஏ புள்ளைகளா, இதுல யாரு மிளகா?" என்றார். ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு மேலே பேசிப் பழகிய குரல். நான் எழுந்து நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விளையாடுறதப் பாத்து ஆளு பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

"நான் உங்களை ஆம்பளைன்னு நெனச்சேங்க்கா."

"அப்ப ரெண்டு பேருக்கும் நட்டந்தேன்" என்று சிரித்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் ஊரின் மதில் ஏன் இவ்வளவு லட்சணமாக இருக்கிறது என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மதியம் பரோட்டாக் கடையில் சேர்ந்து சாப்பிட்டோம். அதன் பிறகு தேவகோட்டைக்காரரின் கல்யாணத்துக்கு நானும் அக்காவும் ரிஸ்வானும் போனோம். பந்தியில் எங்களைப் பார்த்து யாரோ சொந்தமா என்று கேட்க, மாப்பிள்ளை, "எங்க கூட்டணி" என்றார். கேட்டவர் ஏதோ கட்சி என்று நினைத்துக்கொண்டு இலைக்குத் திரும்பிவிட்டார்.

எதையும் அவரவர் வாயால்தான் கேட்பேன் என்கிற அக்காவின் குணம் எப்போதும் இனிக்கவில்லை. ரிஸ்வானுக்குக் காய்ச்சல் என்று நான் ஒருமுறை சொன்னேன். நான் சொன்னது போதாது அவருக்கு. அவன் வாயால் கேட்க வேண்டும். வீட்டுப் போனுக்கே அடித்துவிட்டார். எடுத்தது அவன் வாப்பா. கணீரென்று ஒரு பெண் குரல், "ரிஸ்வான் இருக்கானா, அவனைப் பேசச் சொல்லுங்க" என்றால் ஏர்வாடியில் ஒரு வாப்பா என்ன நினைப்பார்? ரிஸ்வான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "அந்தம்மாகிட்ட இனிமே நான் மவுத்தா போயி அடக்கம் பண்ணுனாக்கூடச் சொல்லாத. அதையும் என்கிட்டயே கேப்பாக" என்றான்.

அவன்தான் பிறகு ஒரு கதை சொன்னான். அக்காவின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லையாம். போட்டு பாம்பனில் ஒதுங்கிவிட்டது, பையன் பத்திரம் என்று யாரோ வந்து சொல்ல, வீட்டில் எல்லோரும் நம்பி அடுப்பைப் பற்றவைத்தார்களாம். ஒதுங்கியது வேறு போட்டாம். நான் அதை மனதில் வைத்துக்கொண்டு இருக்காமல் அக்காவிடமே கேட்டேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ரிஸ்வான்."

"அவனுக்கு?"

"தெரியலக்கா."

"அப்ப அத அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துரு" என்றார். முகத்தில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை. கதை உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி, அந்தக் கடைசி வருஷத்து விஷயம்.

அக்கரையில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். இங்கிருந்து படகில் ஆளும் ஆயுதமும் போகும் என்று எங்கள் கடற்கரை முழுக்கக் கண்காணிப்பு. பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். புது ஆள் வந்தால் டீக்கடையிலேயே விசாரித்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் விளையாட்டில் எதிரி படை கிளம்பிவிட்ட ஒரு காலையில், பிரவுசிங் சென்டருக்குள் நின்றுகொண்டு, ரிஸ்வானிடம் போனில் இப்படிப் பேசினேன்:

"சாயங்காலத்துக்குள்ள தங்கச்சிமடத்துலருந்து இரும்பு வந்துரும். ஏர்வாடி ஆளுகள எங்க ஊருக்குள்ள எறக்கி வச்சிரு. அக்கா சொன்னதும் மூணு பேரும் சேந்து அடிப்போம்."

வேறு மாவட்டத்தில் இந்தப் பேச்சை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில், அந்த வருஷத்தில், சென்டர்காரர் கேட்டுவிட்டு வெளியே போய்ப் போலீசுக்குப் போன் செய்தார். மறுநாள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் மப்டியில் இரண்டு பேர் நின்றார்கள்.

பெயர், காலேஜ், ஊர், அய்யா பெயர். எல்லாவற்றையும் கேட்டார்கள். சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அந்த மற்ற இரண்டு பேரும் வர வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை எனக்குக் கடைசி செமஸ்டர் பரீட்சை ஆரம்பம்.

எனக்குப் போலீஸைவிட அய்யாவை நினைத்துத்தான் பயம். பெண்பிள்ளையை டவுனில் தங்கவைத்துப் படிக்கவைக்கிறான் என்று ஊரே அவரைப் பேசியது. எங்களுக்கு நிலம் கொடுத்திருந்த ஊர்த்தலைவர் அம்பலகாரரே, "ஒனக்கு எதுக்குடா இந்த வேல?" என்று கேட்டவர்தான். அய்யா தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர, என்னை நிறுத்தவில்லை. போலீஸ் எங்கள் வாசலுக்கு வந்தால் அந்தத் தலை எப்படி நிமிரும்? அன்றோடு என்னை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டார். ரிஸ்வான் வாப்பாவோடு வந்தான். அவர் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். தன் மகனுக்கு என்னைவிட ஆபத்து அதிகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாடி அறையில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மிரட்டவில்லை. அவர் மெதுவாகப் பேசியதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது.

வயதில் மூத்தவர் என்று அக்காவிடம் முதலில் கேட்டார்.

"இந்தப் பொண்ணு போன்ல இரும்புன்னு சொன்னது எது? நீங்க சொல்லுங்க."

அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "அவ இங்கனதானே சார் நிக்கிறா. அவளையே கேளுங்க."

"நான் உங்ககிட்ட கேக்குறேன்."

"என்னையப் பத்தி எம்புட்டு வேணுமோ கேளுங்க, சொல்றேன். அவ பேசுனது அவளுக்குத்தேன் தெரியும்."

சின்னப் பெண் சார், ஒன்றும் தெரியாது, என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதைச் சொல்லத்தானே பெரியவர்கள் கூட வருகிறார்கள்? ரிஸ்வானின் வாப்பா சொன்னார்: "எம்மவன் அஞ்சு நேரம் தொழுகுற புள்ள சார்." அந்த மாதிரி ஒரு வார்த்தை எனக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அதனால் நானே பேசினேன். இன்டர்நெட் இருக்கிற கம்ப்யூட்டர் வேண்டும், காட்டுகிறேன் என்றேன். பக்கத்து அறையில் இருந்தது. என் ஊரைத் திறந்தேன். இது களிமண், இது தானியம், இதுதான் சார் நான் சொன்ன இரும்பு, தங்கச்சிமடத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டது, ஏர்வாடிப் படை இதோ நிற்கிறது, என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். போனில் பேசிய அதே வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். என் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் குனிந்து பார்த்து, "சார், குதிரப் படையெல்லாம் வச்சிருக்கு" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. அக்காவிடமும் ரிஸ்வானிடமும் தனித்தனியாக அவரவர் ஊரைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார்.

கடைசியில், "இங்க முடிஞ்சது. இனிமே போன்ல பேசுறப்ப எந்த ஊர்ல இருக்கோம்னு நெனச்சுப் பேசுங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் சேர்த்துச் சொன்னார்: "வழக்கம்தான், உங்க வீடுகள்லயும் ஒரு தடவ விசாரிச்சிட்டு வருவாங்க. நாளைக்கு வருவாங்க."

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, எங்கய்யாவுக்குப் போன் போடுங்க. நீங்க பெரியவுக. நீங்க சொன்னா கேப்பாக."

"நான் சொல்லமாட்டேன்."

"போலீசு வந்து நின்னா எம்படிப்பே போச்சுக்கா."

"அதுக்குத்தேன் சொல்றேன். போலீசு வாயிலயோ என் வாயிலயோ உன் சேதி உங்கய்யாவுக்குப் போகக் கூடாது. திருவாடானை பஸ்ஸு நிக்குது பாரு. போ."

என் கையை விடுவித்துக்கொண்டு, ரிஸ்வானின் வாப்பாவிடம் திரும்பி, வீட்டுக்கு அடித்த அந்தப் போனுக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அய்யா களத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். பரீட்சை நேரத்தில் நான் வந்து நிற்பதைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது. அம்மா கூடையோடு அப்படியே நின்றாள். நான் உட்காரக்கூட இல்லை. விளையாட்டு, போனில் பேசியது, ஸ்டேஷன், நாளைக்கு வரப்போகிற ஆள், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நேரமாயிற்று. அவர் காலால் மிளகாயைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"டேசன்ல உன்னைய ஒக்கார வச்சாகளா, நிக்க வச்சாகளா?"

"நிக்கத்தான்யா."

மிளகாயைத் துழாவுவதை நிறுத்திவிட்டு, "அந்தப் பொம்பளைக்குப் போனப் போடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அக்காவின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது.

"ஏம்மா, நான் இவ அய்யா பேசுறேன். எம்மக தப்புத்தண்டா ஒண்ணும் பண்ணலேன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. எனக்கு அது போதும்."

"அவ என்ன சொன்னாண்ணே?"

"ஒண்ணும் பண்ணலேங்குறா."

"அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்குறீக?"

"ஒரு மனசு சமாதானத்துக்குத்தேன்."

"பெத்த மக நேர்ல வந்து நின்னு சொன்னத நம்பலேன்னா, மொகம் தெரியாத நான் சொன்னா நம்பிருவீகளா? நான் சொல்லமாட்டேண்ணே. அவளக் கேளுங்க. எத்தன வாட்டினாலும் அவளையே கேளுங்க."

அய்யா போனைக் காதிலிருந்து எடுத்து, அது ஏதோ கெட்டுப்போன சாமான் மாதிரி பார்த்தார். என்னிடம் நீட்டினார். ஒரு வார்த்தை. அக்காவுக்குச் சல்லிக்காசு செலவில்லாத ஒரு வார்த்தை. எவனோ ஒருவனுக்காகப் படையையே கொடுத்தவர், எனக்கு அதைக் கொடுக்கவில்லை. பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் செய்தது சரி என்று ஒருநாள் தோன்றும், கல்நெஞ்சு என்று ஒருநாள் தோன்றும்.

"நல்ல ஆளப் புடிச்ச" என்றார் அய்யா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்பலத்து வீட்டுக்குப் போயிட்டு வாரேன். அவுக என்ன சொல்றாகளோ அப்பிடிச் செய்வோம். அதுவரைக்கும் வீட்ல இரு."

அவர் போன பிறகு அம்மா என் பையை உள்ளே எடுத்து வைத்தாள். "படிச்சது போதும்னு அம்பலத்துல சொல்லுவாக. இவரும் சரிம்பாரு. நீ சாப்புடு" என்றாள். அம்மா சொன்னது நடக்கும் என்று எனக்கும் தெரியும். அம்பலகாரர் சொல்லி அய்யா எதையும் மறுத்ததில்லை, என்னைப் படிக்கவைத்த ஒன்றைத் தவிர. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டேன்.

கையைக் கழுவினேன். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டேன்.

"அய்யா வந்து கேட்டா நான் என்னடி சொல்ல?" என்றாள் அம்மா.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நானே சொல்லிட்டுப் போறேன்."

அம்பலகாரர் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அய்யா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரில் நின்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் கூப்பிடாமல் அந்த இடத்துக்குப் போனதில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என்னடா, ஒம்மகளா?" என்றார் அம்பலகாரர் அய்யாவிடம். "இது எதுக்கு இங்கன வந்துச்சு?"

அய்யா வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"என்னையப் பத்தித்தானே பேசுறீக. கேக்குறத என்கிட்டயே கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. மரத்தடியில் ஒருவர் இருமினார். அம்பலகாரர் அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யா என்னைப் பார்த்தார். கோபமா, பயமா, என்னவென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கக்கத்துத் துண்டு மட்டும் நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.

"அய்யா, திங்கக்கெழம பரிச்ச. நான் போறேன்" என்று அவரிடம் மட்டும் சொன்னேன்.

திரும்பி நடந்தேன். பின்னால் யாரோ, "ஏலே, நிறுத்துடா அவள" என்றது கேட்டது. அய்யாவின் குரல் கேட்கவில்லை. ரோட்டுக்கு வந்தபோது திருவாடானையிலிருந்து வருகிற பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன். நின்றது. ஏறி உட்கார்ந்து, ராமநாதபுரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.